பெயரும் மொழியும்
நுரிஸ்தானி மொழிகள் பற்றிய கொள்கைகள் – ஒரு திறனாய்வு

கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதைக்கு முதனூல், குணாட்டியர் பைசாச மொழியிற் செய்த பிருகத்கதை என்பது தமிழ் கற்போர் அறிந்த செய்தி. கொங்குவேளிர் அம்முதனூலை நேரே கண்டு பாடினாரா, வேறு நூலொன்றின் வழியாகக் கண்டு பாடினாரா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அஃது எவ்வாறாயினும், பைசாச மொழி யாது, எந்நாட்டில் வழங்கியது என்னும் வினா பெருங்கதையைக் கற்பிப்போர்முன் எழாமற் போவதில்லை. அவ்வினா எழுந்தபோதெல்லாம், இந்துகுஷ் மலைப் பள்ளத்தாக்குகளில் இன்றும் வழங்கும் காபிர் மொழிகளே பைசாசியின் வழித்தோன்றல்கள் என்று விடை கூறுவது என் வழக்கமாயிருந்தது. வெளிவாரி மாணவனாகப் பட்டத் தேர்வுக்குப் படித்த காலத்தில், கைமாறிக் கைமாறி வந்த பழைய குறிப்பேடொன்றில் அவ்வாறு எழுதப்பட்டிருந்தது. எழுதப்பட்டிருந்ததை நான் நம்பினேன், நம்பியதைக் கற்பித்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, அந்த மொழியில் ஒரு சொல் சொல்லுங்கள்” என்றான். எனக்கு ஒரு சொல்லும் தெரிந்திருக்கவில்லை. ஒரு சொல்லேனும் அறியாத மொழியின் பிறப்பையும் குலத்தையும் பல்லாண்டு காலம் உறுதியாகக் கூறி வந்தேன் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அதன்பின் கிடைத்த நூல்களைத் தேடிக் கற்றதன் பயனே இக்கட்டுரை. இம்மொழிகளைப் பற்றி அறிஞர் கூறிய கொள்கைகளுள் எது சான்றால் நிற்பது, எது பெயரால் மட்டும் நிற்பது என்பதை இதில் ஆராய்வாம்.

நாடும் மக்களும்

ஆப்கானிஸ்தானத்தின் கீழ்ப்பகுதியில், இந்துகுஷ் மலைத்தொடரின் தென் சரிவில் அமைந்தது நுரிஸ்தான். ஆழ்ந்த பள்ளத்தாக்குகளும், குளிர்காலத்தில் உறைபனியால் அடைபடும் கணவாய்களும் அந்நாட்டை ஊர் ஊராகப் பிரித்து வைத்திருக்கின்றன. ஒரு பள்ளத்தாக்கினர் பேச்சு அடுத்த பள்ளத்தாக்கினர்க்கு விளங்காமற் போவதற்கு நிலத்தின் இவ்வியல்பு ஒரு பெருங் காரணமாகும்.

19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை இந்நாட்டார் இசுலாம் சமயத்தைத் தழுவவில்லை. பல தெய்வங்களை வணங்கி, இறந்தோர்க்கு மரத்தாற் படிமம் அமைத்து வாழ்ந்தனர். ஆதலின் அயலவர் இவர்களைக் ‘காபிர்’ என்றும், நாட்டைக் ‘காபிரிஸ்தான்’ என்றும் அழைத்தனர். காபிர் என்பது ஒரு குலத்தின் பெயரன்று. இசுலாத்தை ஏற்காதவர் என்பதே அதன் பொருள். ஆங்கிலேய அதிகாரியாகிய சேர் ஜோர்ஜ் றொபேட்சன் 1890ஆம், 1891ஆம் ஆண்டுகளில் காம்தேஷ் என்னும் ஊரிற் சென்று தங்கி, தாம் கண்டவற்றை 1896இல் ஒரு பெருநூலாக வெளியிட்டார். அந்நூல் வெளிவந்த காலத்திலேயே அவர் கண்ட வாழ்வு முடிவுற்று விட்டது. 1895–96ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அமீர் அப்துர் ரஹ்மான் கானுடைய படைகள் நாட்டைக் கைப்பற்றின. மக்கள் இசுலாத்தைத் தழுவினர். காபிரிஸ்தான் ‘நுரிஸ்தான்’, அதாவது ஒளி நாடு, ஆயிற்று. எல்லை கடந்து சித்திராலுக்கு ஓடியோரும் பின்னர் அச்சமயத்தையே தழுவினர். அவர்களுடைய பேச்சு அங்கே ‘சேக்கானி’ எனப் பெயர் பெற்றது. புதிதாகச் சமயம் மாறியோரைச் ‘சேக்’ என்று அழைத்தமையால் வந்த பெயர் அது.

ஆகவே காபிர், நுரிஸ்தானி, சேக்கானி என்னும் மூன்று பெயர்களும் அயலார் இட்டவை. மூன்றும் சமயம்பற்றி வந்தவை. மொழியின் இயல்பைப் பற்றி அவை யாதும் கூறா. இவற்றோடு நான்காவதாக வந்து சேர்ந்த பெயர்தான் ‘பிசாச மொழி’.

மொழிகளும் கிளைமொழிகளும்

கொள்கைகளை ஆராயுமுன் அம்மொழிகள் யாவை எனக் கூறுதல் வேண்டும். அறிஞர் பொதுவாக ஐந்து மொழிகளைக் கூறுவர்.

முதலாவது காதி. பேசுவோர் தொகையிலும் பரப்பிலும் இதுவே பெரியது. மேற்கே ராம்கல், குலம், க்திவி ஆகிய பள்ளத்தாக்குகளிலும், கிழக்கே பாஷ்கல் ஆற்றின் மேற்பகுதியிலும் காதா மக்கள் இதனைப் பேசுவர். பாஷ்கலின் கீழ்ப்பகுதியில், காம்தேஷை மையமாகக் கொண்ட கோம் மக்கள் பேசுவது காம்விரி. ‘விரி’, ‘வரி’ என்பன பேச்சு என்னும் பொருளன. காதா மக்களின் பேச்சும் கோம் மக்களின் பேச்சும் ஒரு மொழியின் கிளைகளே எனக் கொண்டு, இரு பெயரையும் இணைத்துக் காம்காத-வரி என்று வழங்குவோரும் உளர்.

இரண்டாவது பிரசுன் அல்லது வாசி-வரி. பருண் பள்ளத்தாக்கிலுள்ள ஆறு ஊர்களில் மட்டுமே இது வழங்குகிறது. இச்சிறு நிலப்பரப்பினுள்ளும் மேல், நடு, கீழ் என மூவகைக் கிளைமொழிகள் உள்ளன. மற்றைய நான்கு மொழிகளிலுமிருந்து இது மிகவும் விலகி நிற்பது. மேல், கீழ், ஆற்றின் ஏறுதிசை, இறங்குதிசை முதலிய இட வேறுபாடுகளை உணர்த்தும் முன்னொட்டுக்கள் இதன் வினைச்சொற்களில் விரிவாக அமைந்திருத்தல் கருதத்தக்கது. மலைச் சரிவில் வாழ்வார்க்கு இடமும் திசையும் எத்துணை இன்றியமையாதன என்பதை அவர்தம் இலக்கணமே காட்டுகிறது.

மூன்றாவது அஷ்குன். நான்காவது வைகலி, அதனைப் பேசுவோர் தம்மொழியைக் ‘கலாஷா-அலா’ என்பர். ‘அலா’ என்பதும் பேச்சு என்னும் பொருளதே. இதிலும் வைகல் ஊரைச் சார்ந்த கிளையும், நிஷேய்கிராமம் முதலிய ஊர்களைச் சார்ந்த கிளையும் வெவ்வேறு. ஐந்தாவது திரெகாமி. இது மூன்று ஊர்களில் வழங்குவது. பெயரின் பொருளும் மூன்று ஊர் என்பதே. வடமொழித் ‘திரிகிராம’ என்பதனோடு ஒப்பிட்டால் இது நமக்கு எளிதில் விளங்கும். இவ்வைந்தினும் வேறாக, வைகலியிற் பிரிந்ததெனக் கருதப்படும் செமியாகி என்னும் சிறு மொழியையும் அண்மைக் காலத்தார் சேர்த்துக் கூறுவர்.

இங்கு ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். சித்திராலின் பும்புரெத், ரும்பூர், பிரீர் என்னும் மூன்று பள்ளத்தாக்குகளில் பழைய சமயத்தை இன்றும் கைக்கொண்டு வாழும் கலாஷா மக்கள் உளர். அவர்தம் மொழி ‘கலாஷா-முன்’. வைகலியாரின் ‘கலாஷா-அலா’வும் இதுவும் பெயரால் ஒன்று, மொழியால் வேறு. முன்னது நுரிஸ்தானி இனத்தது. பின்னது இந்தோ ஆரிய இனத்தது. பெயர் ஒன்றாயிருத்தலும், சமயம் ஒருகால் ஒத்திருந்ததும், இருசாராரையும் அயலார் காபிர் என்றே அழைத்ததும் மொழியுறவுக்குச் சான்றாகா என்பதற்கு இதனிலும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. காபிர்களைக் கறுப்பு உடையார், வெள்ளை உடையார் என உடையின் நிறம்பற்றிப் பகுத்த பழைய வகுப்பும் இத்தகையதே. அது நெசவைப் பற்றிய செய்தியாகலாம், மொழியைப் பற்றியதாகாது.

கிரியேர்சனின் கொள்கை

இந்திய மொழிகளின் அளவீட்டை நடத்தி முடித்த சேர் ஜோர்ஜ் கிரியேர்சன் 1851 முதல் 1941 வரை வாழ்ந்தவர். வடமேற்கு இந்தியாவின் பிசாச மொழிகள் என்னும் பொருள்பற்றி 1906இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். 1919இல் வெளிவந்த அளவீட்டின் எட்டாந் தொகுதி இரண்டாம் பகுதியில் அக்கொள்கையை மேலும் விரித்தார். அதன் சுருக்கம் இது: காபிர் மொழிகள், சித்திராலின் கோவார், ஷீணா, காஷ்மீரி முதலிய யாவும் ஓரினத்தன, அவ்வினம் இந்தோ ஆரியமுமன்று, ஈரானியமுமன்று, இரண்டிற்கும் இடைப்பட்ட மூன்றாவதொரு கிளை, பண்டை நூல்கள் பிசாசர் எனக் கூறியது இந்நிலத்து மக்களையே, பிராகிருத இலக்கண நூலார் கூறும் பைசாசி இவர்தம் பழைய மொழியே.

இக்கொள்கையை ஆராயுமுன் கிரியேர்சனுக்கு நாம் செலுத்தவேண்டிய நன்றியை மறத்தலாகாது. அவர் காலத்தில் இம்மொழிகளுட் பலவற்றுக்கு முறையான இலக்கணமோ அகராதியோ இல்லை. பாஷ்கல் பேச்சைப் பற்றிக் கேணல் டேவிட்சன் தொகுத்த வாக்கியக் குறிப்புக்கள் இருந்தன. அவற்றை ஆராய்ந்து ஸ்டென் கோனோ என்னும் நோர்வே அறிஞர் 1913இல் ஓர் அகராதி ஆக்கினார். எஞ்சியவற்றுக்கு, அளவீட்டின் பொது முறைப்படி, கெட்ட குமாரன் உவமைக் கதையை அவ்வம்மொழியிற் பெயர்ப்பித்துப் பெற்ற சில பக்கங்களே கருவியாயின. அத்துணைச் சிறு கருவியைக் கொண்டு, இம்மொழிகளுள் இந்தோ ஆரியத்திலும் ஈரானியத்திலும் அடங்காத ஒன்று உண்டு என அவர் கண்டது பெருமைக்குரியதே. இன்றைய ஆராய்ச்சியும் அதனை ஒருவகையில் மெய்ப்பிக்கின்றது.

பிழை வேறிடத்தில் நேர்ந்தது. எல்லைக்கோட்டை அவர் மிக அகல வரைந்தார். காபிர் மொழிகளையும் காஷ்மீரி, ஷீணா முதலியவற்றையும் ஒரே வட்டத்தினுள் அடக்கினார். அவ்வாறு அடக்கியதற்கு மொழிச்சான்று போதாதவிடத்துப் பெயர்ச்சான்று துணைக்கு வந்தது. பிசாசர் என ஓரின மக்கள் வடமேற்கில் வாழ்ந்தனர். பைசாசி என ஒரு மொழி இருந்தது. வடமேற்கில் இன்று விளங்காத சில மொழிகள் உள. ஆகவே இவை அவையே என்பது அவ்வாதத்தின் அடிநிலை. பிசாசர் என்பது நூல்களிற் பெரும்பாலும் ஊன் தின்னும் பேய்க் கணத்தையே குறிக்கும். அயலாரை இழித்துக் கூறும் பெயர் ஒன்றைக் குலப்பெயராகக் கொண்டு, அக்குலத்துக்கு ஒரு நாட்டையும், அந்நாட்டுக்கு ஒரு மொழியையும் வகுத்தல் ஏணியின் முதற்படி இல்லாமல் மேற்படியில் நிற்பதை ஒக்கும்.

ஒலிகள் கூறும் சான்று

நோர்வே நாட்டு அறிஞர் கேயோர்க் மோர்கென்ஸ்டியேர்ண 1924இல் ஆப்கானிஸ்தானம் சென்று இம்மொழிகளைப் பேசுவோர் வாயிலாகவே கேட்டு எழுதினார். 1926இலும் 1932இலும் அவர்தம் பயண அறிக்கைகள் வெளிவந்தன. அஷ்குன் மொழியை 1929இலும், பிரசுன் மொழியை 1949இலும், வைகலியை 1954இலும் அவர் தனித்தனியே விளக்கினார். பெயர்களை அவர் ஆராயவில்லை, ஒலிகளை ஆராய்ந்தார். அவர்வழிப் பெறப்பட்ட முடிபுகளுள் முதன்மையானவற்றை மாணவர்க்கு விளங்கும் வகையில் ஈண்டுத் தருகிறேன். ஸகரத்தை ஒலிப்புடன் கூறும்போது பிறக்கும் ஒலிக்குத் தமிழில் எழுத்தில்லாமையால் அதனை ‘ஃஸ’ எனக் குறிக்கிறேன்.

ஏழு என்னும் எண் வடமொழியில் ‘ஸப்த’, பழைய ஈரானியமாகிய அவெஸ்தா மொழியில் ‘ஹப்த’, காதியில் ‘ஸுத்’. பழைய ஸகரம் ஈரானியத்தில் ஹகரமாயிற்று. காதியில் அவ்வாறு ஆகவில்லை. இதனால் காதி ஈரானியம் அன்று என்பது பெறப்படும்.

உறைபனி வடமொழியில் ‘ஹிம’. அவெஸ்தாவிற் குளிர்காலத்தைக் குறிக்கும் இனச்சொல்லின் அடி ‘ஃஸிம்’. காதியில் உறைபனிக்குச் சொல் ‘ஃஸிம்’. மூல ஒலி வடமொழியில் ஹகரமாக, ஏனை இரண்டிலும் ஒலிப்புடை ஸகரமாயிற்று. மேலும் வடமொழியின் பகரத்திலும் ககரத்திலும் தோன்றும் மூச்சொலி வேறுபாடு நுரிஸ்தானி மொழிகளில் இல்லை. இவற்றால் காதி வடமொழியின் வழிவந்த இந்தோ ஆரியமும் அன்று எனத் தோன்றும்.

இவ்வளவில் நின்றால், இரண்டிற்கும் இடைப்பட்ட கலவை இது என ஒருவர் கூறலாம். ஆனால் மூன்றாவது சான்று அவ்வாறு கூற இடந்தருவதன்று. பத்து என்னும் எண்ணை நோக்குக:

வடமொழி – தஶ
அவெஸ்தா – தஸ
காதி – துத்ஸ்
அஷ்குன் – துஸ்
வைகலி – தோஶ்
பிரசுன் – லெஃஸெ

வடமொழியின் ஶகரமும் அவெஸ்தாவின் ஸகரமும், தகரமும் ஸகரமும் இணைந்தாற் போன்ற பழைய ஒலியொன்றிலிருந்து திரிந்தன என்பது ஒப்பியலறிஞர் பல சான்றுகொண்டு நிறுவிய முடிபு. அவ்விணையொலி இருக்கு வேதத்திலும் இல்லை; அவெஸ்தாவிலும் இல்லை. எழுத்தே இல்லாத ஒரு மலைநாட்டுப் பேச்சில் அது நாள்தோறும் எண்ணும் எண்ணில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. மோர்கென்ஸ்டியேர்ண 1945இல் இதனைத் தனிக் கட்டுரையாக ஆராய்ந்தார்.

இன்னுமொன்று. எலி வடமொழியில் ‘மூஷ்’, பாரசீகத்தில் ‘மூஶ்’, காதியில் ‘முஸ’. உகரத்தின்பின் வரும் ஸகரம் இந்தியக் கிளையிலும் ஈரானியக் கிளையிலும் மாறியிருக்க, இங்கே மாறாதிருக்கின்றது. இரண்டிலும் இல்லாத பழமையை இரண்டின் கலவை என்று எவ்வாறு கூறுவது?

இங்கே கிளைமொழிகளின் அருமையையும் மாணவர் உணர்தல் வேண்டும். அஷ்குன் மொழியை மட்டும் ஒருவர் கேட்டிருப்பாராயின் ‘துஸ்’ என்பது ஈரானியச் சொல் எனக் கருதியிருப்பார். வைகலியை மட்டும் கேட்டிருப்பாராயின் ‘தோஶ்’ என்பது வடமொழித் திரிபு எனக் கருதியிருப்பார். பிரசுன் ஊர்களில், முதலிலிருந்த தகரமே லகரமாகிவிட்டமையால், சொல்லை அடையாளம் காண்பதே அரிது. காதியாரின் ‘துத்ஸ்’ கிடைத்த பின்னரே ஏனைய மூன்றும் எவ்வாறு திரிந்தன என்பது தெளிவாயிற்று. மொழியின் சிறப்பு வடிவம் ஒன்றை மட்டும் எழுதி வைத்து, ஊர்ப்பேச்சுக்களைக் கொச்சை என ஒதுக்குவோர் எத்தகைய சான்றை இழக்கின்றனர் என்பதற்கு இது தக்க பாடமாகும்.

பைசாசிக்கும் இவற்றுக்கும் உறவுண்டா?

இனி நாம் தொடங்கிய வினாவுக்கு வருவாம். பைசாசியில் இயன்ற பிருகத்கதை மறைந்தது. சோமதேவரின் கதாசரித்சாகரம் முதலிய வடமொழி நூல்களும் நம் பெருங்கதையும் அதன் கதையை மட்டுமே தருவன. ஆகவே அம்மொழியின் இயல்பை வரருசி, ஹேமசந்திரர் முதலிய பிராகிருத இலக்கண நூலார் கூறும் சில விதிகளால் மட்டுமே அறிய வேண்டியுள்ளது. அவற்றுள் இரண்டு விதிகள் நமக்குப் பயன்படும்.

ஒன்று, ஒலிப்புடை வல்லெழுத்துக்கள் ஒலிப்பின்றி வன்மையாக ஒலித்தல். ‘மதன’ என்பதில் வரும் மெலிந்த தகரம், ‘தந்தை’ என்பதன் முதலில் வருவது போன்ற வன்மையான தகரமாகும். இவ்விதியே கிரியேர்சனுக்குப் பெருஞ் சான்றாயிற்று. வடமேற்கு மொழிகளில் அத்தகைய வன்மை காணப்படுகிறது எனச் சில சொற்களைக் காட்டினார். ஆனால் மேலே கண்ட ‘துத்ஸ்’ என்பதன் முதல் தகரம் ஒலிப்புடைய மெல்லிய ஒலியே. இரண்டு என்னும் எண்ணின் முதலிலும் அதுவே. வைகலியில் உடன்பிறந்தானைக் குறிக்கும் ‘ப்ரா’ என்பதன் பகரமும் ஒலிப்புடையதே. மொழியின் அடிப்படைச் சொற்களில் நிகழாத ஒரு திரிபை, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில சொற்களிற் கண்டு, மொழியின் இயல்பெனக் கொள்ளுதல் பொருந்தாது.

மற்றொரு விதி இதனினும் வலிது. பைசாசியில் ஶகர ஷகரங்கள் ஸகரமாய் ஒன்றும் என்பது ஹேமசந்திரர் இலக்கணத்தாற் பெறப்படும். காதியிலோ ஏழு ‘ஸுத்’, ஆறு ‘ஷு’, எட்டு ‘உஷ்ட்’, பத்து ‘துத்ஸ்’. பழைய வேறுபாடுகள் யாவும் இன்றும் நிலைத்துள்ளன. ஒருகால் ஒன்றாகிவிட்ட ஒலிகள் பின்னர்த் தம் பழைய இடங்களை நினைவுகூர்ந்து அவ்வவ்விடத்தே பிரிந்து செல்லுதல் எம்மொழியிலும் நிகழ்வதில்லை. பாலிற் கலந்த நீர் மீண்டும் தானே பிரியாது. ஆகவே இலக்கண நூலார் கூறும் பைசாசி இம்மொழிகளுக்குத் தாயாதல் இயலாது. மூவகை ஒலியையும் பேணும் ஷீணா, கலாஷா-முன் முதலியவற்றுக்கும் இவ்வாதம் பொருந்தும்.

ஸ்டென் கோனோ 1910ஆம் ஆண்டளவிலேயே கிரியேர்சனை மறுத்து, பைசாசியின் தாயகம் விந்தியப் பகுதி என்றும், திராவிடம் பேசியோர் வாயில் ஆரிய மொழி வழங்கியபோது உண்டான வன்மையே அதன் இயல்பு என்றும் கூறினார். குணாட்டியர் விந்தியக் காட்டில் அம்மொழியைக் கற்றார் என்னும் பழங்கதையும் அப்பகுதியையே சுட்டுகிறது. தமிழராகிய நமக்கு இக்கொள்கை இனிப்பதாகலாம். ஆயினும் கிரியேர்சனின் முடிபைக் கதைகொண்டு நிறுவலாகாது என்று கூறிய வாயால், கோனோவின் முடிபைக் கதைகொண்டு நிறுவுதல் முறையன்று. பைசாசியின் தாயகம் இன்னும் முடிவுபெறாத வினா. அது நுரிஸ்தான் அன்று என்ற அளவே இங்கு உறுதியாகக் கூறத்தக்கது.

மூன்றாம் கிளைக் கொள்கையின் எல்லை

கிரியேர்சனின் வட்டம் இவ்வாறு இரண்டாகப் பிளந்தது. காஷ்மீரி, ஷீணா, கோவார், கலாஷா-முன் முதலியன இந்தோ ஆரியத்தைச் சேர்ந்தன. காபிர் மொழிகள் மட்டுமே தனித்து நின்றன. அமெரிக்க அறிஞர் றிச்சாட் ஸ்றாண்ட் 1973இல் இப்பகுப்பை வலியுறுத்தி, நுரிஸ்தானி மொழிகள் இந்தோ ஈரானியத்தின் மூன்றாம் கிளை என விளக்கினார். ஜேர்மன் அறிஞர் கேயோர்க் புத்ருஸ் 1977இல் அவ்வினாவை மீண்டும் ஆராய்ந்தார். இன்று பெரும்பாலார் இக்கொள்கையினரே.

எனினும் கிரியேர்சனை ஆராய்ந்த அதே கண்ணால் இதனையும் ஆராய்தல் கடன். இம்மொழிகளின் பழைய ஒலிகளைக் காட்டும் சொற்கள் தொகையிற் சில. அவற்றைச் சூழ்ந்து, அயல் இந்தோ ஆரிய மொழிகளிலிருந்து பல நூற்றாண்டுகளாக வந்து படிந்த கடன்சொற்கள் பல. குதிரைக்குக் காதியில் ‘வுஷுப்’ என்பர். வடமொழி ‘அஶ்வ’ என்பதன் வகரம் இருந்த இடத்தே பகரம் வந்தமை, அவெஸ்தாவின் ‘அஸ்ப’ என்பதனை நினைவூட்டும். ஆயின் அது பொதுமரபோ, தனி வளர்ச்சியோ, கடனோ என்பதில் அறிஞர் ஒருமுகப்படவில்லை. இவை தொடக்கத்தில் இந்தியக் கிளையோடு நின்று மிகப் பழங்காலத்தே பிரிந்தன எனக் கூறுவார் இன்றும் உளர். பிரிந்தன என்பதில் ஐயமில்லை. எந்தக் கணுவிற் பிரிந்தன என்பதே வழக்கு.

நம் கல்லூரி மலரைப் படிப்போர் சிலர்க்கு இங்கே ஒரு விருப்பம் எழலாம். காபிர்களின் முழுமுதற் தெய்வத்தின் பெயர் இம்ரா. அது ‘யமராஜ’ என்பதன் திரிபு என்பது மோர்கென்ஸ்டியேர்ண முதலியோர் கருத்து. உடனே, வேத காலத்துச் சமயமே அங்கு அழியாதிருந்தது என முழங்குவோரை நான் கண்டதுண்டு. அவ்வாறு முழங்குமுன் சிறிது நிற்றல் நன்று. பெயர் அயலாரிடமிருந்து கடனாகவும் வரும். மேலும் அவர்தம் இம்ரா படைப்புத் தெய்வம். இறந்தோரைத் தண்டிக்கும் காலன் அல்லன். கிஷ், மோனி, திசாணி எனத் தமக்கேயுரிய தெய்வங்களையும் அத்தெய்வங்களைப் பற்றிய கதைகளையும் அவர் கொண்டிருந்தனர். அவர்களைப் பேய்க் கணம் எனப் பெயரிட்டதும் தவறு. நம்மவர் எனப் பெயரிட்டு அணைத்துக்கொள்வதும், அன்பினாற் செய்யினும், அதே தவறே. இரண்டும் அவர்கள் கூறுவதைக் கேளாமல் நாம் பேசுவதாகும்.

கேட்டவர்களின் பொறுமைக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். புத்ருஸ் 1956இல் பிரசுன் பள்ளத்தாக்கிற் சென்று பழங்கதைகளை எழுதினார். நாடு வீழ்ந்து அறுபது ஆண்டு கழிந்தும் அக்கதைகள் முதியோர் நினைவில் இருந்தன. அவை அல்முத் தெகனெர் என்னும் அறிஞரின் கூட்டுழைப்போடு அச்சேறியது 2015இல், இலக்கணம் 2017இல். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள். பெயரிடுவதற்கு ஒரு நொடி போதும். ஆறு ஊர்களின் பேச்சைக் கேட்டெழுதுவதற்கு ஒரு வாழ்நாள் வேண்டும். பிரெஞ்சு அறிஞர் பியூஸ்மன் 1972இல் வெளியிட்ட மொழிப்படத் தொகுதியும், உருசிய அறிஞர் கிரியூன்பெர்க் 1980இல் வெளியிட்ட காதி இலக்கணமும் அத்தகைய உழைப்பின் பயன்களே.

‘நுரிஸ்தானி’ என்னும் ஒருமை

இறுதியாக ஒன்று. ஆப்கானிஸ்தானத்தின் 2004ஆம் ஆண்டு அரசியலமைப்பு, உஸ்பெக், துருக்மென், பலூச்சி, பஷாயி, பாமிரி ஆகியவற்றோடு ‘நுரிஸ்தானி’யையும், அதனைப் பேசுவோர் பெரும்பான்மையினராயுள்ள பகுதிகளில் மூன்றாம் அரசமொழியாக ஏற்றது. 2021இல் ஆட்சி மாறியதோடு அவ்வமைப்பு வழக்கொழிந்தது. அது நடைமுறையில் இருந்த காலத்தும் ஒரு வினா விடையின்றியே நின்றது: எந்த நுரிஸ்தானி? பிரசுன் ஊரினன் பேசுவதைக் காம்தேஷ் ஊரினன் அறியான். ‘நுரிஸ்தானி’ என ஒரு மொழி இல்லை. உள்ளவை ஐந்து அல்லது ஆறு. பாடநூல் எழுதுவதாயின் எந்தப் பள்ளத்தாக்கின் பேச்சில் எழுதுவது? ஏற்பளித்தமை நல்லதே, ஆனால் சட்டம் ஏற்றது ஒரு பெயரை, மக்கள் பேசியது பல மொழிகளை. பிசாச மொழி என்ற பெயர் ஆராய்ச்சியாளரை மயக்கியவாறே நுரிஸ்தானி என்ற பெயர் ஆட்சியாளரையும் மயக்கியது எனலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: காபிர், பிசாச, நுரிஸ்தானி என்னும் பெயர்கள் இட்டவரின் நிலையைக் காட்டுவன, மொழியின் நிலையைக் காட்டா. மொழியின் நிலையைக் காட்டுவன ஒழுங்காக ஒத்துவரும் ஒலிகளே. அவ்வொலிச்சான்று இம்மொழிகளை இந்தோ ஆரியத்திலிருந்தும் ஈரானியத்திலிருந்தும் பிரித்து வைக்கின்றது. பைசாசியோடு இணைக்க மறுக்கின்றது. பிரிவு நிகழ்ந்த காலமும் முறையும் இன்னும் ஆராயத்தக்கன.

ஆசிரியராகிய எமக்கு இதிலொரு கடமை உண்டு. குறிப்பேட்டில் ஒருகால் நுழைந்த பிழை, எழுதியவர் மறைந்த பின்னும் வகுப்பிலிருந்து வகுப்புக்குச் செல்லும். கிரியேர்சனின் கொள்கையை மோர்கென்ஸ்டியேர்ண மறுத்துப் பல்லாண்டு கழிந்த பின்னும் நான் அதனைக் கற்பித்தேன். என்னிடம் கேட்டவர்கள் இன்று எங்கெங்கோ ஆசிரியராயிருந்து அதனையே கற்பிக்கக்கூடும். அவர்கள் கண்ணில் இம்மலர் படுமாயின், பெருங்கதையின் முதனூல் பற்றி அன்று நான் கூறியதைத் திருத்திக்கொள்வாராக.

ஒரு சொல் கேட்ட மாணவன் கல்லூரியை விட்டுச் சென்றுவிட்டான். அவனுக்குரிய விடை இப்போது என்னிடம் உண்டு. பத்து என்பதற்குக் காதி மொழியில் ‘துத்ஸ்’ என்பர்.